மரவள்ளியில் இஞ்சி

சாப்பாட்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. சோறு, பருப்பு, கொஞ்சம் கீரைச் சுண்டல், பொரித்த கருவாட்டுத் துண்டு ஒன்று; இவ்வளவு போதும். இதற்கு மேல் யாராவது புதிதாக எதையாவது தட்டில் வைத்தால் முதலில் மோந்து பார்ப்பேன், பிறகு தள்ளி வைப்பேன். ஊரில் கல்யாண வீடுகளில்கூட என்னைக் கண்டால் பரிமாறுகிறவர்கள், இவளுக்கு வெறும் சோறும் பருப்பும் போதும் என்று கேலி பேசிக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான் பசிபிக் கடலில் தீவு தீவாக இறங்கி, பச்சை மீனையும் கடல் பாசியையும் வௌவாலையும் வாயில் போட்டு மென்றேன் என்று சொன்னால் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ருசி பார்க்கும் ஆசையால் மெல்லவில்லை. என் மகளிடமிருந்து ஒரு வரி பதில் வர வேண்டும் என்பதற்காக மென்றேன்.

நான் உல்லாசப் பயணக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டினார்கள், இப்போது தங்கச்சி வெட்டுகிறாள். எனக்கு அந்தக் கத்தி கையில் நிற்கவில்லை. அவிசாவளையில் ஒரு துணிக்கடை, கொழும்பில் ஒரு ஹோட்டல், டுபாயில் நாலு வருஷம், அதற்குப் பிறகு கப்பல். மகளின் அப்பா அவளுக்கு மூன்று வயது இருக்கும்போதே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. மகள் தங்கச்சியிடம்தான் வளர்கிறாள். தங்கச்சியைச் சித்தி என்று கூப்பிடுவாள், ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் தேடுவது அவளைத்தான்.

கப்பலில் எனக்குத் தமிழ் பேச ஆள் கிடையாது. சிங்களம் பேச இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் சமையல் கட்டில். அவர்கள் வேலை முடிந்து படுக்கப் போகும்போது நான் எழுந்து கட்டில் விரிப்பு மாற்றப் போவேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "கொஹொமத அக்கே" என்பார்கள், "ஹொந்தாய்" என்பேன். சுகமா, சுகம். அவ்வளவுதான் பேச்சு. மற்ற நேரமெல்லாம் இங்கிலீஷில் குட் மார்னிங், குட் ஈவினிங். சில நாட்களில் அறைக்குள் துவாய் மடித்துக்கொண்டே எனக்கு நானே சத்தமாகத் தமிழில் பேசிக்கொள்வேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசுவேன்.

இந்த ஒப்பந்தத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், லயத்துக்குக் கீழே இருக்கிற பீலியில், அந்தத் தண்ணீர் விழும் குழாயடியில், மகளும் நானும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பெரிய பிள்ளையாகிவிட்டார்கள் என்று சொன்னாள். பிறகு சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், நான் ஆகும்போது நீங்க இருப்பீங்க தானே என்று கேட்டாள். எந்தக் கடலில் இருந்தாலும் வந்து முதல் தண்ணியை நான்தான் ஊற்றுவேன் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை. சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன்.

நான் கப்பல் ஏறி மூன்றாம் மாதம் அது நடந்தது. தங்கச்சி செய்தி அனுப்பியிருந்தாள். நான் மேலதிகாரியிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி அனுப்பியிருப்பார்கள், ஆனால் மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டார்கள். லயத்துக்குப் பக்கத்தில் கூரை போடாமல் நிற்கிற எங்கள் வீடு கண்ணுக்கு முன் வந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் மனசுக்குள் போட்டுக் குழப்பினேன். மூன்றாம் நாள் குழப்பிக்கொள்வதையும் நிறுத்திவிட்டேன். கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

சடங்கு நாளன்று தங்கச்சி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினாள். பச்சை ஓலைக் குடிசை, தாம்பாளங்கள், புதுச் சேலையில் என் பிள்ளை. இந்தா அம்மா பார்க்கிறாங்க, சிரி என்று யாரோ சொன்னார்கள். அவள் போனைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் கோல் எடுக்கும்போதெல்லாம் தலைவலி, டியூஷன், குளிக்கிறாள், தூங்கிவிட்டாள். வீட்டில் இருப்பது தங்கச்சியின் ஒரே ஒரு போன். அதில் அவள் குரல் தூரத்தில் கேட்கும், பக்கத்தில் வராது.

அப்போதுதான் வனுவாட்டுத் தீவில் ஒரு நாள் சந்தைக்குப் போனேன். கப்பல் கரையில் நிற்கிற நாட்களில் பகலில் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் போல ஓய்வு கிடைக்கும். மற்றவர்கள் இலவச இணையம் கிடைக்கும் இடமாகப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவார்கள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்காது. பக்கத்தில் இருப்பவளின் பிள்ளை திரையிலிருந்து முத்தம் கொடுக்கும், நான் தங்கச்சியிடம் மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் சந்தைக்குள் நடந்தேன். ஒரு பெண் வாழை இலையைப் பிரித்து, சுடுகல்லில் வேகவைத்த கிழங்குக் களி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம். நடுவில் ஒரு கோழிச் சிறகு செருகியிருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. படம் எடுத்து, மகளிடம் காட்டு என்று எழுதி தங்கச்சிக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "சீ. இது என்ன?"

அது தங்கச்சி எழுதுகிற மாதிரி இல்லை. தங்கச்சி எழுதினால் அக்கா என்று தொடங்கி முழம் நீளத்துக்கு எழுதுவாள். இது என் பிள்ளை என்று எனக்குத் தோன்றியது. நின்ற இடத்தில் அழுதுவிட்டேன். சாப்பிட்டீங்களா என்று அடுத்த வரி வந்தது. சாப்பிடவில்லை என்று எழுதினால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று பயம். வாங்கினேன், தின்றேன். கொழகொழவென்று தொண்டையில் ஒட்டியது. நல்லா இருக்கு என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு தீவையும் விடவில்லை. கொத்துக் கொத்தாகப் பச்சை மணி போல இருக்கும் கடல் பாசியைத் தின்றேன். கடித்தால் பட்பட்டென்று வெடித்து வாயெல்லாம் உப்புத் தண்ணீர். தேசிக்காய்ப் புளியிலும் தேங்காய்ப் பாலிலும் ஊறப் போட்ட, அடுப்பையே பார்க்காத மீனைத் தின்றேன். ஒரு வேரை இடித்துக் கரைத்த சேற்றுத் தண்ணீர் ஒன்றை ஒரு சிரட்டை குடித்தேன். நாக்கு மரத்துப் போய், அன்று மாலை என் அறைகளில் தங்கியிருந்த ஒரு பயணி அம்மாவிடம் குட் ஈவினிங் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவந்தேன். இன்னொரு தீவில் வௌவால் கறி. அவிசாவளைக்குப் போகிற வழியில் ஆற்றங்கரை மரத்தில் தலைகீழாகத் தொங்குமே, அதே சாதிதான். ஒரே ஒரு துண்டு எடுத்தேன், எலும்பு ஊசி போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். "பொய்" என்று பதில் வந்தது. சத்தியமாக என்று எழுதினேன். "உங்களுக்குப் பைத்தியம்" என்று வந்தது. என் பிள்ளை என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டாள் என்று அன்றைக்கெல்லாம் எனக்கு அத்தனை சந்தோஷம். பதினெட்டு அறையையும் பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டினேன்.

ஏழாம் மாதம் பிஜிக்குப் போனோம். அங்கே சந்தைக்குள் நுழைந்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்து ஆட்களைப் போலவே ஆட்கள். நெற்றியில் பொட்டு, அதே நிறம், அதே மூக்குத்தி. எங்களைத் தேயிலைக்கும் ரப்பருக்கும் கூட்டி வந்த மாதிரி இவர்களைக் கரும்புக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். வாழை இலைப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு அம்மாவிடம் போய், "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷரைப் பார்த்துத் தமிழில் பேசுகிறேன். அந்த அம்மா சிரித்தார். அப்பாவுடைய பாட்டி மெட்ராஸ் பக்கமாம், தனக்கு அம்மா, சோறு, தண்ணி என்று நாலு சொல்தான் தெரியுமாம். இதை இங்கிலீஷில் சொன்னார். பரவாயில்லை என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி, மேலே தேங்காய்ப் பால். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கு! துருவி, சர்க்கரை போட்டு, வேகவைத்திருக்கிறார்கள். கராம்பு வாசம் தூக்கலாக இருந்தது. இத்தனை மாதம் வாய்க்குத் தெரியாததையெல்லாம் விழுங்கியவளுக்கு வாய்க்குத் தெரிந்த ஒன்று கிடைத்துவிட்டது. படம் எடுக்கவும் மறந்து முழுவதையும் தின்றுவிட்டு, விரலையும் நக்கினேன். இன்னொன்று வாங்கிப் படம் எடுத்தேன். மகளுக்கு எழுத வேண்டுமே என்று, இதில் என்னென்ன போடுவீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கிழங்கு, தேங்காய், சர்க்கரை, கராம்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு பெரிய இஞ்சிக் கிழங்கை எடுத்துக் காட்டினார்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கும் இஞ்சியும் வயிற்றுக்குள் சேர்ந்தால் விஷம். சிங்களவரும் தமிழரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்கிற விஷயங்களில் இது ஒன்று. அவர்கள் மஞ்ஞொக்கா என்பார்கள், நாங்கள் மரவள்ளி என்போம், சாவு ஒன்றுதான். கிழங்கு அவிக்கிற அன்று வீட்டில் இஞ்சித் துண்டு கிடந்தால் அதை எடுத்து வெளியே எறிந்துவிடுவோம். கிழங்கு தின்றுவிட்டு இஞ்சித் தேநீர் குடித்த ஒரு குடும்பம் பூண்டோடு செத்துப்போன கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. செத்த குடும்பம் எப்போதும் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பமாகவே இருக்கும். நிவித்திகலைக்குக் கல்யாணம் கட்டிப்போன என் பெரியம்மா மகள் அங்கேயும் அதே கதையைக் கேட்டதாகச் சொன்னாள். கேலியாக இப்போது எழுதுகிறேன். அன்று கையில் இருந்த பொட்டலத்தை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

சந்தைக்குப் பின்னால் போய் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். எச்சில்தான் வந்தது. கப்பல் டாக்டரிடம் ஓடலாமா என்று நினைத்தேன். கேக் தின்றேன், சாகப்போகிறேன் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அந்தச் சந்தை முழுக்க அதைத் தின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கண்ணில் படவே இல்லை. இந்த ஊரில் செத்தால் என் பெயரை யார் சரியாகச் சொல்வார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு மகளின் முகம், சுவர்ப் பக்கம் திரும்பின முகம். அந்த முகத்தோடு போய்விடக் கூடாது என்று போனை எடுத்தேன்.

பிஜியில் பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னே, ஊரில் காலை ஆறேகால். மற்ற நாளாக இருந்தால் தங்கச்சி மலைக்குப் போயிருப்பாள். அன்று மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அதனால் வீட்டில் இருந்தாள். மரவள்ளியில் இஞ்சி போட்டிருந்தது தெரியாமல் தின்றுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். தங்கச்சி அழத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலம் தாங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், போனை வைக்காதீர்கள் அக்கா என்றாள். எனக்கு அழுகையும் வரவில்லை. பிள்ளையைக் கூப்பிடு என்றேன்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மிகப் பக்கத்தில், நாலு மாதத்துக்குப் பிறகு, அந்தக் குரல்.

"எதுக்கு அதப் போய்ச் சாப்பிட்டீங்க?"

தெரியாமல் சாப்பிட்டேன் என்றேன். வயிறு வலிக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். இல்லை என்றேன். மணி பார்த்தீங்களா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க என்றாள். சொன்னேன். அப்படியென்றால் ஊர் நேரம் ஏழு ஐந்து வரைக்கும் பார்க்க வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். பின்னால் தங்கச்சி, ஸ்கூல் பஸ் வந்துவிடும் என்று சொன்னது கேட்டது. போகட்டும் என்று என் பிள்ளை சொன்னாள்.

சந்தைக்கு வெளியே ஒரு சிமெந்துத் திண்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா இருந்தால் தூங்கிவிடுவீங்க, தூங்கக் கூடாது, வேற என்னத்தையெல்லாம் சாப்பிட்டீங்க அங்க, என்று கேட்டாள். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, படம் அனுப்பினேனே என்றேன்.

"என்ன படம்? நான் ஒண்ணும் பாக்கல."

எனக்கு விளங்கவில்லை. வௌவால் படம், பாசிப் படம், நீ பைத்தியம் என்று எழுதினாயே என்றேன். நான் எழுதல என்றாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் தங்கச்சியின் குரல் வந்தது. போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. காட்டினா பாக்க மாட்டேன்னுட்டா. நீங்க அங்க தனியாக் கெடக்குறீங்களேன்னு நான்தான் அவ மாதிரிப் போட்டேன்."

அந்தச் சிமெந்துத் திண்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? நாலு மாதமாக நான் விழுங்கியதெல்லாம் யாருக்காக? அந்த வௌவால் யாருக்காக? பக்கத்தில் இருந்திருந்தால் தங்கச்சியின் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். சாகப் போகிற நேரத்தில் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, போனை அவளிடம் கொடு என்றேன். இப்போது நினைத்தால், அத்தனை மாதமும் என்னிடம் பேசியது தங்கச்சி ஒருத்திதான். மலையில் வெட்டிவிட்டு வந்து, கால் கழுவ முன்னே, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிச் "சீ" என்று சொல்லும் என்று யோசித்து எழுதியிருக்கிறாள். அன்று எனக்கு அது தெரியவில்லை. ஏமாந்தேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

மகள் மறுபடி வந்தாள். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கோழிச் சிறகு செருகிய களி, வெடிக்கிற பாசி, நாக்கு மரத்த கதை, எல்லாம். குட் ஈவினிங் சொல்ல முடியாமல் ஓடினேன் என்றபோது மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா என்று கேட்கவில்லை. வௌவாலுக்கு வந்தபோது "சீ" என்றாள். தங்கச்சி எழுதினதும் இவள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

அப்புறம் அவள் பேசினாள். சத்தம் போடவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள்.

"எனக்குப் பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தாங்க. வேணாம்னேன். மூக்கப் புடிச்சுக்கிட்டு வாயில ஊத்துனாங்க. ஒம்பது நாள். நான் வாந்தி எடுத்தேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கடலில் இருந்தேன் என்றேன். அது எனக்கே கேவலமாகக் கேட்டது.

"லீவு கேட்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டேன், தரவில்லை என்று ஒரு வார்த்தை போதும், கப்பல்காரர்களைச் சேர்ந்து திட்டியிருப்போம். ஆனால் இன்னும் இருபது நிமிஷத்தில் செத்துவிடுவேனோ என்று இருந்தது, அந்தப் பயத்தில் வாய் பொய்க்கு வளையவில்லை.

"இல்ல. கேக்கவே இல்ல," என்றேன்.

அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் ரோட்டில் கேட்டு, நின்று, மறுபடி புறப்பட்டுப் போனது. என்னைத் தாண்டி என் கப்பலின் பயணிகள் தொப்பியும் பையுமாகப் போனார்கள். அதில் என் அறைக்கார அம்மா ஒருவர் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். நடு நடுவே, இருக்கீங்களா என்று அவள் கேட்டாள். இருக்கேன் என்றேன். அப்படியே அந்த இருபது நிமிஷமும் போயிற்று.

"ஏழு அஞ்சு," என்றாள். "ஒண்ணும் ஆகல தானே. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். சரியாகவில்லை. அடுத்த தீவிலிருந்து கோல் எடுத்தேன், டியூஷன் என்று தங்கச்சி சொன்னாள், இந்தத் தடவை அவள் குரலில் பொய் சொல்ல முடியாத கஷ்டம் தெரிந்தது. அதற்கடுத்த தீவில் தலைவலி. நான் படம் எடுப்பதை விட்டுவிட்டேன். ஊழியர் சாப்பாட்டு அறையில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தின்றேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசுவதும் நின்றுபோயிற்று. என்னோடு பேச எனக்கே ஒன்றும் இருக்கவில்லை. சில இரவுகளில், அன்று உண்மையாகவே விஷமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். இப்படியொரு நினைப்பு ஒரு தாய்க்கு வரலாமா என்று என்னையே ஏசிக்கொள்வேன், ஆனால் வந்தது.

மூன்று வாரத்துக்குப் பிறகு கப்பல் மறுபடியும் பிஜிக்கு வந்தது. காலையில் கடைசிப் பகுதி அறைகளில் தாமதமாகிவிட்டது. ஓய்வு நேரத்தில் பாதி போன பிறகுதான் இறங்க முடிந்தது. நேராகச் சந்தைக்கு நடந்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு, தனக்குத் தெரிந்த நாலு சொல்லில் ஒன்றான "அம்மா" என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு பொட்டலம் வாங்கினேன். இஞ்சி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போட்டிருக்கிறது, போடாமல் செய்வதே இல்லை என்றார். அதே சிமெந்துத் திண்டில் உட்கார்ந்து, அந்த ஒரு துண்டை மிச்சமில்லாமல் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அன்று ஊரில் போயா தினம், பௌர்ணமி விடுமுறை, பள்ளிக்கூடம் கிடையாது. போனை எடுத்தது தங்கச்சி. இன்னைக்கும் அதைச் சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல் என்றேன். தங்கச்சி இந்தத் தடவை அழவில்லை. ஒன்றும் கேட்காமல் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அது விஷம் இல்லையாம்," என்றது அவள் குரல். "சயன்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டேன். மூடாமத் தெறந்து அவிச்சா ஒண்ணும் ஆகாதாம். இஞ்சியால ஒண்ணும் இல்லையாம், எல்லாம் சும்மா கதையாம்."

டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்படியா, எனக்குத் தெரியாதே என்றேன். தெரியும்; அன்று சாகாமல் கப்பல் ஏறியபோதே தெரிந்துவிட்டது. சரி, அப்படின்னா வைக்கவா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அங்கே அன்று மழை இல்லை, யாரோ தூரத்தில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது.

"எத்தன துண்டு சாப்பிட்டீங்க?"

ஒன்றுதான் சாப்பிட்டிருந்தேன்.

"ரெண்டு," என்றேன்.

"அப்ப ரெண்டு மணித்தியாலம் பாக்கணும்," என்றாள்.

எனக்குக் கப்பலுக்குத் திரும்ப நாற்பது நிமிஷம்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல், காலை மடக்கி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.